கொடுத்த கணக்கு வேறு, வயல் கணக்கு வேறு: புதிய வேளாண் தொழில்நுட்பம் நிலைக்கிறதா என்று கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

மீஞ்சூர் பக்கம் ஓர் ஊரில் இத்தனை பேருக்குச் சொட்டுநீர் போட்டுக் கொடுத்தோம், இத்தனை பேருக்குத் திருந்திய நெல் சாகுபடிப் பயிற்சி கொடுத்தோம் என்று அறிக்கை எழுதுவது சுலபம். கையெழுத்து இருக்கிறது, பேனர் கட்டி எடுத்த போட்டோ இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அதே வயலில் அது நடக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் யாரிடமும் கணக்கு இருக்காது.

அந்தக் கணக்கை எடுப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள், ஆய்வுக்காகத் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறும் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் மாதவரம், செங்குன்றம், சோழவரம், மீஞ்சூர், பொன்னேரி என்று சென்னையின் வடக்கு ஓரத்திலிருந்து வருகின்றன. மற்ற மாவட்டத்துக்காரர்கள் பருவத்தையும் பயிரையும் மாற்றிக்கொண்டால் போதும்.

என் கட்சி ஒன்றுதான். மானியமும் பயிற்சியும் முடிந்த பிறகு, ஒருவர் தன் கைக்காசைப் போட்டு மறுபடியும் அதைச் செய்கிறாரா? எண்ண வேண்டியது அதைத்தான். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு எண்ணைச் சரியாகப் பிடிப்பதற்காக.

கொஞ்சம் பின்கதை

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது 1943இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரையன், கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளிடம் வீரிய ஒட்டு மக்காச்சோள விதையைப் பற்றி விசாரித்தார்கள். 1928 வாக்கில் வந்த விதைக்கு 1941க்குள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் மாறிவிட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் மெதுவாக, நடுவில் மளமளவென்று, கடைசியில் மறுபடி மெதுவாக ஏறியது அந்தக் கோடு. இன்றும் எஸ் வடிவக் கோடு என்று பாடம் நடத்துவது இதைத்தான். பலருக்கு விதையைப் பற்றி முதலில் சொன்னவர் விதை வியாபாரி. துணிந்து போட வைத்தவர் பக்கத்து நிலத்துக்காரர். நம் ஊரில் உரக்கடைக்காரரையும் அடுத்த வரப்புக்காரரையும் வைத்துப் பார்த்தால் இன்றைக்கும் இது பொருந்தும்.

1962இல் எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், புதியதை ஏற்பவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார்: முன்னோடிகள் 2.5 சதவீதம், அடுத்து வருபவர்கள் 13.5, முன்பாதிப் பெரும்பான்மை 34, பின்பாதிப் பெரும்பான்மை 34, கடைசியாக வருபவர்கள் 16. நிறைய மாணவர்கள் இந்த எண்களை அப்படியே நாற்பது பேர் உள்ள ஊரில் பொருத்தப் பார்க்கிறார்கள். வேண்டாம். இவை ஒரு மணி வடிவக் கோட்டைச் சம இடைவெளியில் வெட்டியதால் கிடைத்த எண்கள். எந்த ஊரிலும் அளந்து கண்டவை அல்ல. அதோடு, 'பின்தங்கியவர்' என்று நாம் முத்திரை குத்தும் ஆள் பெரும்பாலும் கடைமடைக்காரராகவோ குத்தகைதாரராகவோ இருப்பார். அவர் யோசிக்காமல் மறுப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் மறுக்கிறார். 1957இல் பொருளாதார அறிஞர் கிரிலிக்ஸ் அதே மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டு, எங்கே லாபம் அதிகமோ அங்கே வேகமாகப் பரவியது என்று காட்டியதும் இதையொட்டித்தான்.

1. தொழில்நுட்பத்தைத் துண்டு துண்டாக உடையுங்கள்

'திருந்திய நெல் சாகுபடி செய்கிறீர்களா?' என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். இல்லை என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் அர்த்தம் கிடையாது.

மடகாஸ்கரில் 1980களில் லௌலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய இந்த முறையில் பல பகுதிகள் இருக்கின்றன. சுமார் 14 நாள் வயதுள்ள இளம் நாற்று, குத்துக்கு ஒரே நாற்று, 25க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர நடவு, கோனோவீடர் என்ற உருளைக் களைக்கருவியை உருட்டிக் களையெடுப்பது, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவது. வயலுக்குப் போனால் ஒருவர் கயிறு கட்டி வரிசையாக நட்டிருப்பார், ஆனால் நாற்றுக்கு வயது இருபத்தைந்து நாள், குத்துக்கு இரண்டு மூன்று நாற்று. இன்னொருவர் இளம் நாற்றை வைத்திருப்பார், ஆனால் களையெடுப்பது கையால்தான். மூன்றாமவர் எல்லாம் செய்வார், தண்ணீரை மட்டும் எப்போதும் கட்டி வைத்திருப்பார். மின்சாரம் இலவசம், தண்ணீர் இருக்கிறது, அவர் ஏன் காயவிட வேண்டும்?

இவர்களில் யார் ஏற்றவர்? அந்த முடிவைக் களத்தில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம் வைத்து எண்ணை மட்டும் எழுதுங்கள்: நாற்றின் வயது, குத்துக்கு நாற்று, சதுர மீட்டருக்குக் குத்து, கோனோவீடர் ஓட்டிய தடவை, தண்ணீர் விட்ட இடைவெளி. 'மூன்று பகுதிகளுக்கு மேல் செய்தால் ஏற்றவர்' என்பது போன்ற விதியைப் பிறகு மேசையில் வைத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். களத்தில் ஆம், இல்லை என்று மட்டும் எழுதி வந்தால் திரும்ப மாற்ற வழியே இல்லை.

சொட்டுநீருக்கும் இதே உடைப்புதான். குழாய் இருக்கிறதா, தண்ணீர் அதில் போகிறதா, உரம் அதில் போகிறதா என்பவை மூன்று தனிக் கேள்விகள்.

இயந்திரங்களுக்கு ஒரு மாற்றம் வேண்டும். நெல் அறுவடை வண்டியைச் சொந்தமாக வைத்திருப்பவர் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். ஆனால் வாடகைக்குப் பிடித்து அறுக்காதவர் அபூர்வம். எனவே 'வைத்திருக்கிறீர்களா' என்ற கேள்வியே தப்பு. ட்ரோன் மருந்தடிப்பும் அப்படித்தான். 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பதாக 2023இல் மத்திய அரசு நமோ ட்ரோன் தீதி திட்டத்தை அறிவித்தது. இந்த மாதிரி சேவைகளில் விவசாயியை விட, இயக்குபவரின் நோட்டுப் புத்தகம் நல்ல ஆதாரம். யார் பெயர் ஒரே ஒரு முறை வந்து மறைகிறது, யார் பெயர் அடுத்த பருவத்திலும் வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

2. யார் யாரை எண்ணப் போகிறோம்

வடசென்னை ஓரத்தில் மற்ற எல்லாவற்றையும் விடக் கஷ்டமான படி இது. பின்னத்தில் மேலே வரும் எண் (செய்தவர்கள்) சரியாக இருந்து, கீழே வரும் எண் (மொத்தம்) தப்பானால் சதவீதமே பொய்.

முதல் பட்டியல் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கலில் கிடைக்கும்; கிராமக் கணக்கு எண் 2 என்பார்கள். எந்தப் புல எண்ணில், எந்தப் பருவத்தில் என்ன பயிர் என்று அதில் இருக்கும். இரண்டாவது, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல். மூன்றாவது, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலர் வைத்திருக்கும் பயனாளிகள் பட்டியல். மூன்றையும் வாங்குங்கள். மூன்றாவதை மட்டும் வைத்து ஆரம்பித்தால் உதவி பெற்றவர்களை மட்டுமே பார்த்துவிட்டு ஊரே மாறிவிட்டது என்று எழுத வேண்டிவரும்.

ஆனால் பட்டா யார் பேரிலோ இருக்கும், உழுபவர் வேறு ஆளாக இருப்பார். நிலத்துக்காரர் பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ குடியிருப்பார். பயிர் வைப்பவர் வாய்ப்பேச்சுக் குத்தகையில் இருப்பார், அவர் பெயர் எந்தத் தாளிலும் வராது. சொட்டுநீர் மானியத்துக்கு நிலத்தின் ஆவணம் தேவை என்பதால் இவரால் விண்ணப்பிக்கவே முடியாது. 'ஏற்கவில்லை' என்ற கட்டத்தில் இவரைப் போட்டால் அது அநியாயம். 'வாய்ப்பில்லை' என்று தனிக் கட்டம் வையுங்கள்.

அடுத்தது மனை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்த பிறகு இந்தப் பக்கம் வயலுக்கு நடுவே வெள்ளைக் கல் நட்ட லேஅவுட்டுகள் முளைத்திருக்கின்றன. போன பருவத்தில் நெல் இருந்த இடத்தில் இந்தப் பருவம் கம்பிவேலி இருக்கும். அவர் தொழில்நுட்பத்தைக் கைவிடவில்லை, விவசாயத்தையே விட்டார். மீஞ்சூர் வட்டாரத்தில் இன்னொரு வகையும் உண்டு. கிணற்றுத் தண்ணீரைச் சென்னைக்கு விற்பது நெல் வைப்பதை விட லாபம் என்று பயிரை நிறுத்தியவர்கள் இருந்திருக்கிறார்கள். நிலத்தடி நீரை அதிகம் இறைத்ததால் இந்தக் கரையோரத்தில் கடல்நீர் உள்ளே வந்ததும் பழைய கதை. எனவே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு நிலைக் குறியீடு வேண்டும்: பயிர், தரிசு, குத்தகை மாறியது, விற்றது, மனையானது, உப்பால் விட்டது.

மாதிரி எத்தனை? ஒரு சதவீதத்தைப் பத்துப் புள்ளி முன்பின்னாகச் சொல்ல, 95 சதவீத நம்பகத்தில், சுமார் 96 பேர் வேண்டும் என்பது புள்ளியியல் கணக்கு. நாலைந்து ஊர்களில் கொத்தாக எடுத்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். நூறு பேரை மூன்று வருடம் தொடர நினைத்தால் நூற்றிருபதில் ஆரம்பியுங்கள். இந்தப் பகுதியில் ஆள் கழிவது நிச்சயம். ஏரிப் பாசன ஊரானால் மதகிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து தலைமடை, நடுப்பகுதி, கடைமடை மூன்றிலும் சம பங்கு எடுங்கள். சாலையோர வயலை மட்டும் எடுப்பது சோம்பேறித்தனம். செயல்விளக்கத் திடலும் அங்கேதான் இருக்கும், அதனால் பதில் எப்போதும் அழகாகவே வரும்.

தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. அதுவும் இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். ஆகவே ஆளை எண்ணாமல் துண்டை எண்ணுவது நல்லது. ஒரே விவசாயி மேட்டுத் துண்டில் புதிய முறையும் பள்ளத்தில் பழைய முறையும் செய்வார்.

3. பருவத்தைப் பிடியுங்கள்

திருவள்ளூர் மாவட்டத்தில் நெல்லுக்கு மூன்று பருவம்: சித்திரை, வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரி, ஆடி, ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழி, தையில் தொடங்கும் நவரை. வருடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டால் மூன்றும் கலந்த ஒரு பதில்தான் கிடைக்கும்.

சம்பாவில் இளம் நாற்று நடத் தயங்குவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. நட்டு வேர் பிடிக்கும் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால், பள்ளமான வயலில் 14 நாள் நாற்று மூழ்கி அழுகும். அதே ஆள் நவரையில் அதே நாற்றைத் தைரியமாக நடுவார். 'ஒருமுறை செய்தார், பிறகு விட்டுவிட்டார், மறுபடி ஆரம்பித்தார்' என்று தெரிவது உண்மையில் பருவத்துக்குத் தகுந்த தெளிவான முடிவு. சம்பாவைச் சம்பாவோடும் நவரையை நவரையோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு தடவை போனால் போதும்: நட்ட பத்துப் பதினைந்து நாளில் ஒன்று, அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு ஒன்று. வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குவதால் அடங்கலை உங்கள் அட்டவணையோடு ஒட்டும்போது சொர்ணவாரி இரண்டு பசலியில் விழும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. கேள்வி கேட்பது

முதல் நாளே போனை எடுத்து வயலைச் சுற்றி ஜி.பி.எஸ். போட ஆரம்பிக்காதீர்கள். துறைமுகம், சாலை, தொழிற்சாலை என்று பலமுறை நில எடுப்பைப் பார்த்த ஊர்கள் இவை. அளக்கிற ஆளைக் கண்டாலே சந்தேகம் வரும்.

'இன்னாத்துக்கு சார் எங்க நிலத்த அளக்கறீங்க? ரோடு வருதா?'

இந்தக் கேள்விக்கு உங்களிடம் நேரான பதில் இருக்க வேண்டும். எந்த நிறுவனம், எதற்கு, தகவல் யாரிடம் போகும், யாரிடம் போகாது, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஒப்புதல் வாங்குங்கள். 2023இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைக் கேட்கிறது, ஆனால் சட்டத்துக்கு முன்னாலேயே மரியாதை கேட்கிறது. பெயரும் போன் எண்ணும் ஒரு கோப்பிலும், பதில்கள் வேறு கோப்பிலும் இருக்கட்டும். இரண்டையும் இணைக்க ஓர் எண் போதும்.

கேள்விகளைச் செயலாகக் கேளுங்கள், கருத்தாகக் கேட்காதீர்கள். 'இளம் நாற்று நட்டீர்களா?' என்று கேட்டால் பயிற்சியில் சொன்ன பதில் திரும்பி வரும். 'நாற்றங்கால் என்றைக்கு விட்டீங்க? பறிச்சது என்றைக்கு?' என்று கேட்டால் இரண்டு தேதிக்கு நடுவே உண்மை இருக்கும். தேதி ஞாபகம் இல்லையா? ஆடிப்பெருக்குக்கு முன்னாலா பின்னாலா, விநாயகர் சதுர்த்தி அன்றைக்கு நாற்று எவ்வளவு உயரம் என்று போனால் இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் வந்து சேரலாம்.

வீட்டு ஆணிடம் மட்டும் பேசிவிட்டுக் கிளம்பாதீர்கள். நடவு நடுவதும் களை பறிப்பதும் பெண்கள். குத்துக்கு எத்தனை நாற்று வைத்தார்கள் என்பது நட்ட அம்மாவுக்குத்தான் தெரியும், வரப்பில் நின்றவருக்குத் தெரியாது. நடவை மொத்தமாக ஒப்பந்தம் பேசி எடுக்கும் மேஸ்திரி இருந்தால் அவரையும் பாருங்கள். ஏக்கருக்குக் கூலி பேசியிருந்தால் கயிறு கட்டி நிதானமாக நட அவருக்கு லாபமில்லை. ஒரு ஊரில் சதுர நடவு ஏன் நின்றது என்பதற்கு விடை பல நேரம் அங்கேதான் கிடைக்கும். கும்மிடிப்பூண்டியை ஒட்டிப் போனால் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் உண்டு, கூட ஒரு தெலுங்கு தெரிந்த ஆள் இருப்பது உதவும்.

அளவுகளில் கவனம். ஒருவர் ஏக்கரில் சொல்வார், இன்னொருவர் காணியில் சொல்வார்; ஒரு காணி சுமார் 1.32 ஏக்கர். விளைச்சலை மூட்டையில் சொல்வார்கள். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ, செங்குன்றம் மண்டிக்குப் போகும் மூட்டை அதைவிடப் பெரியது. 'மூட்டைக்கு எத்தனை கிலோ?' என்று கேட்காமல் எழுதிய விளைச்சல் எண்ணைக் குப்பையில் போடலாம்.

கடைசியாக ஒரு கேள்வி: 'இதை யாரைப் பார்த்துச் செஞ்சீங்க?' மூன்று பெயர் வரை வாங்குங்கள். எல்லோருடைய பதிலையும் ஒரு தாளில் அம்புக்குறியாக வரைந்தால் ஊரில் யார் சொன்னால் எடுபடுகிறது என்று தெரியும். அது பெரும்பாலும் பயிற்சிக்கு மேடையில் உட்கார வைத்த ஆளாக இருக்காது.

5. கண்ணால் பார்ப்பது

சொன்னதைச் சரிபார்க்க விலையில்லாத ஒரு கருவி போதும். பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்துகொள்ளுங்கள். வயலில் வரப்போரத்தை விட்டுவிட்டு உள்ளே போய் மூன்று இடத்தில் சட்டத்தை வையுங்கள், உள்ளே விழும் குத்துகளை எண்ணுங்கள். 25 சென்டிமீட்டர் சதுர நடவானால் 16 குத்து இருக்கும். வழக்கமான 20க்கு 10 இடைவெளியில் 50 இருக்கும். நடவு இயந்திரத்தில் வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டரும் குத்துக்குக் குத்து 14ம் வைத்தால் சுமார் 24. இருபத்தெட்டு, முப்பது என்று வந்தால் கயிறு கட்டியிருக்கிறார்கள், ஆனால் நெருக்கி நட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு வார்த்தை பேசாமல் வயலே சொல்லிவிடும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் செய்கிறவர் வயலில் ஓட்டை போட்ட நீர்மட்டக் குழாய் புதைத்திருக்கலாம். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்ச வேண்டும் என்பது விதி. குழாய்க்குள் சேறு அடைத்திருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். அடைத்திருந்தால் பல நாளாக யாரும் பார்க்கவில்லை.

சொட்டுநீரில் வடிகட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே சல்லடையில் புது அழுக்கு இருந்தால் ஓடுகிறது. காய்ந்து ஓடாகப் பிடித்திருந்தால் ஓடவில்லை. மோட்டாரைப் போடச் சொல்லி, கடைசி வரிசையின் கடைசிச் சொட்டுவாயில் தண்ணீர் வருகிறதா பாருங்கள். உரம் கலக்கும் வென்ச்சுரி இன்னும் பாலித்தீன் உறையிலேயே இருக்கும் இடங்கள் உண்டு. குழாய்ச் சுருள்கள் மோட்டார் கொட்டகையில் தொங்கினால் அவசரப்பட்டுக் 'கைவிட்டார்' என்று எழுத வேண்டாம். அறுவடைக்குப் பின் உழுவதற்காகச் சுருட்டி வைப்பதும் உண்டு. அடுத்த நடவில் மறுபடி பாருங்கள்.

விளைச்சலுக்கு எல்லா வயலிலும் அளக்க முடியாது. பத்துப் பதினைந்து துண்டுகளில் மட்டும் 5க்கு 5 மீட்டர் பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, விவசாயி சொன்னதோடு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் மற்றவர்களின் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

6. ரகத்தின் பெயர்

புதிய நெல் ரகம் பரவுகிறதா என்று பார்ப்பது சுலபமாகத் தெரியும், ஆனால் ஏமாற்றும். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து வந்த டி.கே.எம். 13, ஆந்திராவின் பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204க்கு மாற்றாக 2015இல் வெளியிடப்பட்டது. இரண்டும் சன்ன ரகம். வயலில் நின்று கேட்டால் 'பொன்னி' என்பார்கள், 'பாபட்லா' என்பார்கள், 'சன்னம்' என்பார்கள். குண்டு ரகமானால் 'குண்டு' அவ்வளவுதான். அந்தப் பெயருக்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது விவசாயிகள் சொன்ன ரகமும் வயலில் நின்ற ரகமும் கணிசமாக வேறுபட்டன.

நம்மால் மரபணுச் சோதனை முடியாது, சரி. ஆனால் விதை எங்கே வாங்கியது, பை இருக்கிறதா, அதில் அட்டை இருக்கிறதா என்று கேட்கலாம். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள், உண்மைநிலை விதைக்குப் பச்சை. அட்டையில் ரகமும் குவியல் எண்ணும் இருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பை இல்லாமல் பக்கத்து வீட்டில் வாங்கிய விதையானால், அவர் எங்கே வாங்கினார் என்று ஒரு படி பின்னால் போங்கள். எத்தனை பருவமாக அதே விதையைத் திருப்பித் திருப்பி வைக்கிறார் என்பதும் முக்கியம். நாலைந்து பருவம் கலந்த விதையில் புதிய ரகத்தின் குணம் எவ்வளவு மிஞ்சும்?

செங்குன்றம் அரிசி ஆலைகளிலும் ஒரு நடை விசாரியுங்கள். எந்த ரகத்துக்கு மண்டியில் விலை நிற்கிறதோ அதுதான் அடுத்த பருவத்தில் நாற்றங்காலுக்கு வரும். ஆராய்ச்சி நிலையம் என்ன சொன்னாலும் வியாபாரி எடுக்காத ரகம் ஊருக்குள் தங்காது.

7. போனும் செயற்கைக்கோளும்

போனில் நிரப்பும் கேள்விப் படிவத்துக்கு கோபோ டூல்பாக்ஸ் அல்லது ஓ.டி.கே. என்ற செயலி போதும். இரண்டிலும் தமிழில் கேள்வி வைக்கலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பி, பிறகு அனுப்பலாம். கூகுள் ஃபார்ம்ஸ் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. ஒவ்வொரு துண்டுக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுங்கள். விவசாயி மாறினாலும் எண் மாறக் கூடாது.

செயற்கைக்கோளை வைத்தே எல்லாம் பார்த்துவிடலாம் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10க்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஓர் ஏக்கருக்கு நாற்பது புள்ளிதான். அரை ஏக்கர்த் துண்டில் ஓரங்களைக் கழித்தால் கையளவு புள்ளிதான் மிஞ்சும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் மூடியிருக்கும்போது அதுவும் குருடு. அப்போது ரேடார் வகையான சென்டினல்-1 உதவும். எப்போது தண்ணீர் கட்டினார்கள், எப்போது பயிர் பச்சையானது, எந்தத் துண்டு தரிசு, எது மனையானது என்பதெல்லாம் வானத்திலிருந்து தெரியும். குத்துக்கு எத்தனை நாற்று என்பது தெரியாது. பட்டியலைப் புதுப்பிக்க அதைப் பயன்படுத்துங்கள், முடிவு சொல்ல வேண்டாம்.

8. விட்டவர்களிடம் ஏன் என்று கேட்பது

விட்டவரைப் பார்ப்பது பலருக்குக் கூச்சம். மேலிடத்துக்கும் அது பிடிக்காது. ஆனால் ஒரு பருவம் செய்து நிறுத்தியவரிடம் இருக்கும் தகவல், ஆரம்பிக்காத பத்துப் பேரிடம் கிடைக்காது. 'ஏன் விட்டீங்க' என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும். 'கடைசியா எப்போ ஓட்டினீங்க? அப்போ என்ன ஆச்சு?' என்று கேளுங்கள்.

'அணில் கடிச்சி வெச்சிருச்சிம்மா. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுப் பாத்தோம். கம்பெனிக்காரன் போனே எடுக்கல. பைப்ப சுருட்டி மேல போட்டாச்சி.'

இந்த நாலு வரியில் பழுது, உதிரிபாகம், விற்பனைக்குப் பின் சேவை என்று மூன்று காரணம் இருக்கிறது. 'ஆர்வமின்மை' என்று ஒரு சொல்லில் எழுதினால் மூன்றும் போயிற்று. பதிலை அவர் வாயால் சொன்ன மாதிரியே எழுதி, குறியீட்டை மாலையில் உட்கார்ந்து போடுங்கள். கரையோரத்துக் கிணறானால் தண்ணீரின் உப்பையும் அளந்துவிடுங்கள். மின்கடத்துதிறன் மீட்டர் கையடக்கமாகக் கிடைக்கிறது. உப்புப் படிந்து சொட்டுவாய் அடைபடுவதை விவசாயியின் மனப்பான்மை என்று எழுதிய அறிக்கைகள் போதும்.

9. கணக்குப் போடுவது

நான்கு எண்கள் போதும். ஒன்று, வாய்ப்புள்ள துண்டுகளில் இந்தப் பருவம் அந்தத் தொழில்நுட்பம் நடந்த துண்டுகளின் பங்கு. இரண்டு, பரப்பளவில் அதன் பங்கு. மூன்று, போன ஆண்டு அதே பருவத்தில் செய்தவர்களில் இந்த ஆண்டும் செய்பவர்கள். நான்கு, அவர்களில் உதவி எதுவும் பெறாமல் தாமாகச் செய்பவர்கள்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 120 துண்டில் 10 மனையாகிவிட்டது, 20 வாய்ப்பில்லாத குத்தகை. மிச்சம் 90. அதில் இந்த நவரையில் 36இல் சதுர நடவு. 40 சதவீதம் என்று எழுதலாம். ஆனால் போன நவரையில் 45 துண்டில் நடந்து, அவற்றில் 24தான் தொடர்ந்து, 12 புதிதாக வந்தவை என்றால் கதையே வேறு. கிட்டத்தட்ட பாதிப் பேர் கழன்றுகொண்டிருக்கிறார்கள். புதிய 12ம் இந்த வருடம் இலவசமாகக் கோனோவீடர் கொடுத்த ஊரிலிருந்தே வந்திருந்தால், 40 என்ற எண்ணை அறிக்கையின் தலைப்பில் போடக் கை கூச வேண்டும்.

திட்டத்தால்தான் மாறினார்கள் என்று சொல்ல வேண்டுமானால் திட்டம் போகாத ஊர் ஒன்றிலும் இதே கணக்கை எடுத்திருக்க வேண்டும். அடுத்த ஊரை எடுக்காதீர்கள்; மாமன் மச்சான் உறவில் செய்தி அங்கேயும் போயிருக்கும். அதே மண், அதே பாசனம் உள்ள கொஞ்சம் தள்ளிய ஊராக இருக்கட்டும். முன்கணக்கு எடுக்காமல் ஆரம்பித்துவிட்டால் இதைப் பின்னால் சரிசெய்ய வழியில்லை.

10. ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது

ஒவ்வொரு வருடமும் நவரை அறுவடை முடிந்து, சொர்ணவாரி நாற்று விடும் முன் ஒரு மாலைநேரம் பாருங்கள். ஊர்ப் பொது இடத்தில் ஒரு பக்கத் தாளில் பெரிய எழுத்தில் ஊரின் மொத்த எண்களை மட்டும் ஒட்டுங்கள். தனியாள் பெயர் எதுவும் வேண்டாம். நடவு நடும் பெண்களுக்குத் தோதான நேரமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பட்டாதாரர்கள் மட்டுமே வந்திருப்பார்கள்.

'எங்க தெருவுல அத்தனை பேர் செய்யல' என்று யாராவது எழுந்து சொல்வார். சண்டைக்குப் போகாதீர்கள், எந்தத் துண்டு என்று கேளுங்கள். மறுநாள் அந்தச் சதுரக் குழாய்ச் சட்டத்தை எடுத்துக்கொண்டு அவரோடு போய் எண்ணிப் பாருங்கள். தப்பு நம் பக்கம் என்றால் பழைய பதிவை அழிக்காமல், பக்கத்தில் புதிய எண்ணும் தேதியும் யார் சொல்லித் திருத்தியது என்பதும் போட்டு வையுங்கள். அதே தாளின் ஒரு நகலை உதவி வேளாண்மை அலுவலரிடமும் கொடுத்துவிடுங்கள். அடுத்த பருவத்துக்குக் கோனோவீடர் எத்தனை கேட்பது, எந்த ஊரில் சொட்டுநீர்ப் பழுதுபார்க்கும் ஆள் வேண்டும் என்று அவர் தன் கோரிக்கையை அதை வைத்து எழுதலாம்.